சேர்ந்தவர்கள் எத்தனை பேர், இருப்பவர்கள் எத்தனை பேர்?

ஜனவரி பிறந்தால் போதும், இங்கே அரிசோனாவில் நம் தமிழ் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே பேச்சுதான். சார்ட்டர் பள்ளி லாட்டரியில் பெயர் போட்டாச்சா, வெயிட்லிஸ்டில் எத்தனையாவது இடம்? சாண்ட்லருக்குப் புதிதாகக் குடிவருபவர்கள் வீடு பார்ப்பதற்கு முன்பே இதைக் கேட்கிறார்கள். இரண்டு பிள்ளைகளையும் சார்ட்டர் பள்ளியில் சேர்த்தவள் நான். மனதில் இருப்பதை எழுதிவிடுகிறேன், கொஞ்சம் நீளமாக இருக்கும்.

"அது கவர்ன்மென்ட் பள்ளியா, பிரைவேட்டா?" என்று ஊரிலிருந்து அம்மா கேட்டார். இரண்டும் கலந்தது. கட்டணம் கிடையாது, பிள்ளைக்கு இவ்வளவு என்று அரசு பணம் தருகிறது. நடத்துவது மட்டும் தனி அமைப்பு. அவர்கள் போட்டுக்கொள்ளும் ஒப்பந்தத்துக்குத்தான் சார்ட்டர் என்று பெயர். நம் அரசு உதவி பெறும் பள்ளியை நினைத்துக்கொண்டால் பாதி புரிந்துவிடும். 1991இல் மினசோட்டா இதற்கு முதன்முதலில் சட்டம் போட்டது, அரிசோனா 1994இல். இடத்தைவிட விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல்.

மகளுக்குக் குலுக்கலில் இடம் கிடைத்த அன்று வீட்டில் பாயசம் வைத்தேன். அவளுக்கு அந்தப் பள்ளி அப்படிப் பொருந்திப்போனது. கணக்கில் ஒரு வகுப்பு முன்னால் போகலாம் என்றார்கள், போனாள். ஆசிரியர்கள் பாடத்தைக் காதலித்தவர்கள். பள்ளிப் பேருந்து இல்லாததால் ஆகஸ்ட் மாதம் 110 டிகிரி வெயிலில் காரில் வரிசைகட்டி நின்றதைக்கூட நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அப்புறம் தம்பி. அக்கா படிப்பதால் முன்னுரிமையில் இடம் வந்தது. இரண்டாம் வகுப்பிலும் எழுத்துக் கூட்டி வாசிக்கத் திணறினான். பரிசோதித்ததில் டிஸ்லெக்ஸியா. ஒருநாள் என்னையும் கணவரையும் அழைத்தார்கள். சின்ன அறை, மேஜையில் டிஷ்யூ பெட்டி தயாராக இருந்தது. யாரும் குரலை உயர்த்தவில்லை. "எங்கள் வேகம் இதுதான். இது உங்கள் மகனுக்குச் சரியான இடமா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்" என்றார்கள். போகச் சொல்லவில்லை, இருக்கவும் சொல்லவில்லை. இரண்டு மாதத்தில் நாங்களாகவே டிசி வாங்கிக்கொண்டோம். பொதுப்பணத்தில் நடக்கும் பள்ளி என்பதால், மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கான கூட்டாட்சிச் சட்டம் சார்ட்டர் பள்ளியையும் கட்டுப்படுத்தும் என்பது எனக்கு அன்று தெரியாது. தெரிந்திருந்தால் அந்த அறையில் தலையாட்டிவிட்டு எழுந்து வந்திருக்க மாட்டேன்.

இதில் எனக்கு ஆறவே ஆறாத விஷயம் ஒன்று உண்டு. நாட்டின் முதல் சார்ட்டர் பள்ளியான சிட்டி அகாடமி 1992இல் செயின்ட் பால் நகரில் திறந்தது, படிப்பைப் பாதியில் விட்ட பிள்ளைகளுக்காக. பின்தங்கியவர்களைக் கைதூக்கிவிட வந்த ஏற்பாட்டில்தான் என் பையனைப் பார்த்து 'எங்கள் வேகம்' என்கிறார்கள்.

எல்லாச் சார்ட்டரும் இப்படி என்று சொல்ல மாட்டேன். ஸ்டான்ஃபோர்டின் கிரெடோ ஆய்வு மையம் 2009இல் பார்த்தபோது, கணக்கில் 17 சதவீதச் சார்ட்டர் பள்ளிகள் பக்கத்துப் பொதுப்பள்ளிகளைவிட மேல், 37 சதவீதம் கீழ். 2023 அறிக்கையில் சராசரி ஏறிவிட்டது, வாசிப்பில் ஆண்டுக்கு 16 நாள் கூடுதல் கற்றலுக்குச் சமம், கணக்கில் 6 நாள். ஆனால் அதே அறிக்கையில் ஆன்லைன் சார்ட்டர்களின் பிள்ளைகள் கணக்கில் 124 நாள் பின்தங்கியிருந்தார்கள். ஒஹாயோவில் அப்படி ஒரு பெரிய ஆன்லைன் பள்ளி 2018 ஜனவரியில், கல்வியாண்டின் நடுவில் மூடப்பட்டு, ஏறக்குறைய 12,000 பிள்ளைகள் வேறு பள்ளி தேட வேண்டியதாயிற்று. ஆக, சார்ட்டர் என்ற பெயரை வைத்து நல்லது கெட்டது எதையும் முடிவு செய்ய முடியாது. பள்ளி பள்ளியாகத்தான் பார்க்க வேண்டும்.

நாம் என்ன பார்க்கிறோம்? தரவரிசை, மதிப்பெண், எந்தப் பல்கலைக்கழகத்துக்கு எத்தனை பேர். பள்ளியைச் சுற்றிக் காட்டும் நாளில் தயவுசெய்து இதையும் கேளுங்கள்: ஆறாம் வகுப்பில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், அதே வகுப்பு பன்னிரண்டை முடிக்கும்போது எத்தனை பேர் இருக்கிறார்கள்? நடுவில் போனவர்களின் இடத்தில் புதியவர்களைச் சேர்த்தீர்களா? சிறப்புக் கல்வி ஆசிரியர் முழுநேரமா, வாரத்துக்கு ஒரு நாளா? திணறும் பிள்ளைகளெல்லாம் கிளம்பிவிட்டால் மிஞ்சுபவர்களின் சராசரி தானாக ஏறும். அதைப் பள்ளியின் சாதனை என்று நம்பி நாம் வெயிட்லிஸ்டில் நிற்கிறோம்.

மகள் இன்னும் அங்கேதான் படிக்கிறாள், சந்தோஷமாக. மகன் எங்கள் தெருமுனையில் இருக்கும் டிஸ்ட்ரிக்ட் பள்ளியில், அதாவது சாதாரணப் பொதுப்பள்ளியில். ஐஈபி, அதாவது அவனுக்கென்றே தனிக் கல்வித் திட்டம் போட்டு, தினமும் 40 நிமிடம் தனியாக உட்காரவைத்து வாசிப்பு சொல்லித்தருகிறார்கள். போன வாரம் சீரியல் டப்பாவின் பின்பக்கத்தைத் தானாகவே வாய்விட்டுப் படித்தான்.

இந்தப் பக்கம் இருப்பவர்கள் யாராவது இப்படி ஒரு சின்ன அறைக்கு அழைக்கப்பட்டால், உடனே தலையாட்டிவிடாதீர்கள். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள், நான் கூட வருகிறேன்.