தண்ணீரை மட்டும் குடித்தால் போதுமா?
கோஜி பெர்ரி என்ற சின்னச் சிவப்பு உலர்பழத்தை இரவில் ஊறவைத்து, காலையில் அந்தத் தண்ணீரை மட்டும் குடித்தால் கண்ணுக்கு நல்லது என்கிறது ஒரு கட்டுரை. அங்கேதான் இடிக்கிறது. கண்ணுக்கு வேண்டிய சியாக்சாந்தின் கொழுப்பில் கரையும் நிறமி, தண்ணீரில் அவ்வளவாக இறங்காது. பழத்தையே மென்று தின்னவேண்டும், கூடவே கொழுப்புக்கு ஒரு முட்டை இருந்தால் இன்னும் நல்லது. சிங்கப்பூரில் எங்கள் பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி, கோழி சூப்பை இறக்க ஐந்து நிமிடம் இருக்கும்போதுதான் ஒரு கைப்பிடி போடுவார். நான் முதலிலேயே போட்டுக் கொதிக்கவிட்டேன். பழம் கரைந்து, சூப்பே லேசாகப் புளித்துவிட்டது! அப்புறம், ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் கோஜியைத் தொடவேண்டாம். அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் இதை இமயமலைப் பழம் என்கிறார். இதற்குப் பேர்போன இடம் சீனாவின் நிங்சியா, என் அடுக்களையில் இருக்கும் பாக்கெட்டிலும் அந்தப் பெயர்தான் அச்சாகியிருக்கிறது.