ஒன்றரை அடிக்கு இவ்வளவு பாடா?

கோல்ஃப் மைதானத்தில் நேற்றும் அதேதான். கிரீனில் (குழியைச் சுற்றிய மழித்த புல்தரையில்) என் பந்து குழிக்கு ஒன்றரை அடியில் கிடக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு தட்டினாலும் விழும். எதிராளி 'எடுத்துக்கோங்க சார்' என்று விட்டுக்கொடுத்தால் முடிந்தது, அடுத்த அடியில் விழுந்ததாகக் கணக்கு. சொல்வாரா? திடீரென்று மேகத்தைப் பார்க்கிறார். கையுறையைக் கழற்றி மறுபடி மாட்டுகிறார். நானாக எடுத்தால் ஓர் அடி தண்டம். (இந்த அடி மட்டையடி, அந்த அடி தூரம். அதுவே ஒரு குழப்பம்.) அமெரிக்க, ஐரோப்பியப் பெண்கள் அணிகள் மோதும் சோல்ஹைம் கோப்பையில், 2015இல் அமெரிக்காவின் அலிசன் லீ, விட்டுக்கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்துப் பந்தை எடுத்தார். அந்தக் குழிக்கான ஆட்டமே போச்சு!

மொத்த அடிகளை எண்ணும் ஸ்ட்ரோக் பிளேயில், கிரீனில் பட் செய்யும்போது (பந்தைக் குழியை நோக்கி உருட்டும்போது) அங்கே கிடக்கும் இன்னொரு பந்தை இடித்தால் இரண்டு அடி தண்டம். நாங்கள் ஆடும், குழிக்குக் குழி வெற்றியை எண்ணும் மேட்ச் பிளேயில்? ஒன்றுமே இல்லை. எதைத்தான் மனப்பாடம் செய்வது?

அப்புறம் அந்தப் பத்து விநாடி! விளிம்பில் நிற்கும் பந்து தானாக விழுகிறதா என்று அவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டுமாம். 2021 சோல்ஹைமில் குழி விளிம்பில் நின்ற நெல்லி கோர்டாவின் பந்தை, எதிரணியின் மேடலின் சாக்ஸ்ட்ரோம் நல்ல மனசோடு எடுத்துக் கொடுத்தார். பத்து விநாடி ஆகவில்லையாம். பந்து விழுந்ததாகவே கணக்கு. உதவி செய்தால் இதுதான் கூலி.

மேட்ச் பிளேயில் முறை மாறி நான் முதலில் அடித்தால் அந்த அடியை ரத்து செய்ய எதிராளிக்கு உரிமை உண்டு. நேற்று இருபதடி பட், அழகாக உள்ளே போனது. உடனே சாருக்குச் சட்டம் ஞாபகம் வந்துவிட்டது. போன வாரம் இதேபோல் அடித்துத் தவறவிட்டேனே, அப்போது மட்டும் 'பரவாயில்லை, இருக்கட்டும்' என்றாரே, அது எந்தப் பெருந்தன்மை?