மாத்திரைக்கும் சேர்த்துத்தான் ஸ்தோத்திரம்

ஞாயிற்றுக்கிழமை நம் சபையில் சாட்சி சொல்லும் நேரத்தில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். வீடியோவையும் பார்த்திருப்பீர்கள். பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் இருந்தேன், முடியவில்லை.

நான் என்ன தப்பாகச் சொல்லிவிட்டேன்? டிபி நோயிலிருந்து சுகமானதற்கு முதலில் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னேன். அப்புறம் மாத்திரை கொடுத்த அரசு ஆஸ்பத்திரிக்கும், சாயங்காலமானால் போன் பண்ணி "மாத்திரை போட்டாச்சாம்மா?" என்று கேட்ட சுகாதாரப் பணியாளர் அக்காவுக்கும் நன்றி சொன்னேன். உடனே மைக்கை வாங்கி, "மகிமையை மனுஷருக்குக் கொடுக்காதீங்க சிஸ்டர்" என்கிறார் ஒரு பெரியவர். சபையே "ஆமென்" என்றது. அதுதான் வலித்தது.

நுரையீரல் டிபிக்குக் குறைந்தது ஆறு மாதம் மாத்திரை. நடுவில் விட்டால் கிருமி மருந்துக்கு அடங்காமல் போய்விடும். மாத்திரை ஆரம்பித்ததும் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனது. இரத்தம் என்று அலறியிருப்பேன். ரிஃபாம்பிசின் என்கிற டிபி மருந்து அப்படித்தான், பயப்படாதே என்று அந்த அக்கா முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார். அவரை அனுப்பியது கர்த்தர் என்றுதான் நான் சொல்கிறேன். அவருக்கு நன்றி சொன்னால் கர்த்தருக்குக் குறைந்துவிடுமா?

"விசுவாசம் இருந்தால் மருந்து எதற்கு?" என்று கேட்கிறவர்களே, பைபிளில் எசேக்கியா ராஜாவின் பிளவைக்கு ஏசாயா தீர்க்கதரிசி அத்திப்பழ அடையைத்தானே கொண்டுவரச் சொன்னார்? சுவிசேஷம் எழுதிய லூக்கா வைத்தியர்தானே? ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் செத்ததைப் பார்த்து, இது தேவ அழைப்பு என்று டாக்டருக்குப் படித்துவிட்டு வந்தவர் ஐடா ஸ்கடர். இன்றைய சி.எம்.சி. ஆஸ்பத்திரியை 1900-இல் வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு ஆரம்பித்தார். அவருக்கா விசுவாசம் இல்லை?

குணமான குஷ்டரோகி திரும்பி வந்து இயேசுவுக்குத்தானே நன்றி சொன்னான் என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். சரி தம்பி, நானும் அவருக்குத்தான் முதலில் சொன்னேன்.

"எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்" என்று பவுல் எழுதினார். சுகமான பிறகு என்று எழுதவில்லை. சோறு இறங்காத நாட்களில் அம்மா ஆற்றிக் கொடுத்த கஞ்சி ஒரு வாய் உள்ளே போனபோதே நான் ஸ்தோத்திரம் சொன்னேன். பிழைப்பேனா என்று அப்போது எனக்குத் தெரியாது.

வார்டில் அடுத்த கட்டிலில் ஒரு அக்கா இருந்தார். இருமல் கொஞ்சம் ஓய்ந்தால் எனக்கும் சேர்த்து ஜெபிப்பார். நோய் முற்றிய பிறகு வந்தவர், போய்விட்டார். விசுவாசம் இருந்தால் போதும் என்கிறீர்களே, அப்படியானால் அந்த அக்காவிடம் எது குறைந்தது? அவருடைய மகள் இன்றைக்கும் நம் சபைக்கு வருகிறாள், அம்மாவின் பைபிளைத்தான் எடுத்துக்கொண்டு வருகிறாள். அவள் முகத்தைப் பார்த்து அதைச் சொல்லுங்கள் பார்ப்போம்.