மரத்தில் பிழை இல்லை

"இப்ப வாற மரம் ஒண்டும் சரியில்லை." யாழ்ப்பாணத்தில் வீடு கட்டுகிற ஆரிடம் பேச்சுக் கொடுத்தாலும் இந்த வசனம் வந்தே தீரும். போன வருஷம் வரைக்கும் நானும் இதைச் சொல்லிக்கொண்டு திரிந்தவன்தான்.

எங்கள் முன்வாசலுக்கு முதிரை மரத்தில் இரட்டைக் கதவு போட்டோம். மரம் விற்கிற மரக்காலையில் பார்க்கும்போது பலகைகள் நூல் பிடித்த மாதிரி நேர். சீவுளி பட்ட இடமெல்லாம் மஞ்சள் மினுக்கம். மார்கழியில் மரம் எடுத்து, அந்த மாதமே கதவு செய்து, தையில் குடிபூரல். வந்த சனமெல்லாம் கதவைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தது. வைகாசி பிறக்க இடப்பக்கக் கதவின் மேல்மூலை நிலையை விட்டு ஒரு விரல் தடிப்புக்கு வெளியே நின்றது. சட்டத்துக்குள் இருந்த பலகைகளின் ஓரத்தில், நெல்லளவு அகலத்துக்கு வார்னிஷ் படாத வெளிறிய கோடு ஒன்று எட்டிப் பார்த்தது. பலகை சுருங்கி, அதுவரை சட்டத்தின் தவாளிப்பு என்கிற பள்ளத்துக்குள் ஒளிந்திருந்த பகுதி வெளியே வந்திருக்கிறது. மரக்காலைக்காரரிடம் போனால், "மழைக்குள்ள எடுத்தது, அப்பிடித்தான் இருக்கும்" என்றார். மழைக்குள் விற்றவர் அவர்தான், அதைப் பற்றிப் பேச்சில்லை.

அப்புறம் எங்கள் பகுதியில் இருக்கிற வயதான ஆசாரியார் ஒருவரைக் கூட்டி வந்தேன். கதவை இரண்டு தரம் விரலால் தட்டினார். "தம்பி, மரம் நல்ல மரம். பச்சையில வேலை செய்துபோட்டு மரத்தை ஏன் பேசிறியள்?" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. தேத்தண்ணி குடித்துவிட்டுப் போய்விட்டார்.

அவர் சொன்னதன் கணக்கைப் பிறகு தேடி வாசித்தேன். வெட்டின மரத்தில் தண்ணீர் இரண்டு விதமாக இருக்கிறது. துவாரங்களுக்குள் சும்மா நிற்கிற தண்ணீர் முதலில் போகும். அது போகும்வரை மரம் அசையாது. ஈரம் ஏறக்குறைய 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கி, நாரின் சுவருக்குள் இருக்கிற தண்ணீர் வெளியேறத் தொடங்கும்போதுதான் சுருக்கம் ஆரம்பிக்கிறது. அதுவும் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் இல்லை. நீளத்தில் அநேகமாக ஒன்றுமில்லை. நடு வைரத்திலிருந்து பட்டைப் பக்கமாக ஒரு மடங்கு சுருங்கினால், வளையத்தின் வழியே ஏறக்குறைய இரண்டு மடங்கு சுருங்கும். ஒரே பலகை ஒரு பக்கம் கூடவும் மறுபக்கம் குறையவும் சுருங்கினால் கோணாமல் என்ன செய்யும்? மரக்காலையில் நேராக நின்ற பலகை அப்போது சுருங்கவே தொடங்கியிருக்கவில்லை. அந்தச் சுருக்கமெல்லாம் என்னுடைய முன்வாசலில் வைத்து நடந்திருக்கிறது.

இதே நாட்களில்தான் அராலியில் அப்புவின் பழைய வீட்டுக் கூரையைப் பிரித்தோம். ஓடு ஒழுகி, சுவர் வெடித்து, இனித் திருத்த ஏலாது என்ற நிலை. ஓடுகளை இறக்கியதும், அவற்றைத் தாங்கிய பனஞ்சிலாகைகள் வரிசையாகத் தெரிந்தன. எழுபது வருஷத்துக்கு மேலான புகையும் தூசியும் ஏறிக் கன்னங்கரேல் என்று இருந்தன. ஒன்றைக் கீழே போட்டுக் கண்ணை வைத்துப் பார்த்தேன். கோணல் இல்லை. பிரிக்க வந்த பெடியன் அதில் ஆணி அடித்துப் பார்த்தான், ஆணிதான் வளைந்தது.

அந்த மரத்தின் கதையை அப்பம்மா சொல்லி அப்பாவுக்குத் தெரியும். வீடு கட்டுவதற்கு இரண்டு வருஷம் முன்னரே அப்பு பனைகளைத் தறித்துவிட்டார். எல்லாம் முதிர்ந்த பெண்பனை. பிளந்து, நடுவிலிருந்த மெத்தென்ற சோற்றியை வாய்ச்சியால் செதுக்கி எறிந்துவிட்டு, கறுப்பு வைரத்தை மட்டும் எடுத்து அராலிக் கடலில் மாதக்கணக்கில் தாட்டு வைத்திருக்கிறார்கள். பிறகு கொட்டிலுக்குள், நிலத்தில் முட்டாமல், ஒன்றுக்கொன்று இடையில் துண்டுக் கட்டை வைத்து அடுக்கு. வெட்டுமுகத்தில் சாணம் பூச்சு. இதில் எதுவும் சடங்கு இல்லை. தண்ணீரில் கிடக்கும்போது மரத்திலிருக்கிற மாவும் இனிப்பும் கரைந்து போகும், துளைக்கிற வண்டுக்குத் தின்ன ஒன்றும் மிஞ்சாது. வெட்டுமுகத்தால்தான் ஈரம் மிக வேகமாக ஓடும், அதை அடைத்தால் நுனி பிளக்காது. நிழல் எதற்கென்றால், வெயிலில் மேல்தோல் முதலில் காய்ந்து உள்ளே ஈரமாக நின்றால் மரம் வெடிக்கும். தேய்பிறையில்தான் தறிக்க வேண்டும் என்பதை மட்டும் நான் இன்னும் நம்பவில்லை. ஆசாரியாரிடம் அதைச் சொல்லவும் இல்லை.

பனையைப் பற்றி இன்னொன்று. மற்ற மரங்களில் வைரம் நடுவில், பனையில் அது வெளியே. கிளை இல்லாததால் கணுவும் இல்லை. அடி பருக்கிற மரமும் இல்லை, வயது ஏற ஏற வெளிப்புற நார்தான் இறுகிக்கொண்டு போகும். அதனால் இளம்பனையைத் தறித்துச் சிலாகை எடுக்கிறவனுக்குக் கிடைப்பது சோற்றிதான்.

விறாந்தைத் தூணும் அதன்மேல் கிடக்கிற வளையும் சேருகிற இடத்தைக் கழற்றத்தான் அரைநாள் போனது. இரும்பாணி ஒன்றுகூட இல்லை. துளைக்குள் கழுந்து, அதாவது மரத்தின் நுனியில் செதுக்கின நாக்கு, குறுக்கே மர ஆணி. மெதுவாகத் தட்டி எடுத்துப் பார்த்தால், தூணின் கழுந்தில் போட்ட ஓட்டையும் வளையில் போட்ட ஓட்டையும் நேருக்கு நேர் இல்லை. ஒரு நூல் விலத்தி இருந்தது. பிழைவிட்டுத் துளைத்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். படம் எடுத்துக் கனடாவில் இருக்கிற ஒன்றுவிட்ட தம்பிக்கு அனுப்பினேன். அவன் அங்கே காசு கட்டி ஓக் மரத்தில் சட்டக்கூடு செய்கிற வகுப்புக்குப் போகிறவன். "அண்ணா, வேணுமெண்டுதான் விலத்தித் துளைக்கிறது. ஆணியை இறுக்க இறுக்க அது கழுந்தை உள்ளுக்கு இழுக்கும்" என்று உடனே பதில் வந்தது. தன் வகுப்பில் மூன்றாவது கிழமைதான் இதைச் சொல்லிக் கொடுத்தார்களாம். உப்புக்காத்து அடிக்கிற ஊரில் இரும்பாணி எத்தனை வருஷம் நிற்கும் என்று அந்த ஆசாரிக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

தீராந்தி, யன்னல், விறாந்தை, அலுமாரி என்று பாதிச் சொல் போர்த்துக்கேயரிடம் வாங்கினது. வேலை எங்களுடையது. வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938 இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் வரை போய்ச் சேர்ந்தது. இந்தக் குடாநாட்டுத் தச்சுக்கு அத்திலாந்திக் கடலே சாட்சி.

சரி, ஒரு நியாயம் சொல்ல வேண்டும். மரமும் குறைந்துதான் விட்டது. முதிர்ந்த பனைகள் யுத்தத்தில் பதுங்குகுழிக்கும் மண் அணைக்கும் போயின. 1990 இல் விட்டுப்போன வீடுகளுக்கு வலிகாமம் வடக்கில் திரும்பிப் போனவர்கள் பலர் கண்டது சுவர் மட்டும்தான். கூரையும் இல்லை, நிலையும் இல்லை. ஒரு பனை அந்த வைரத்துக்கு வர ஒரு தலைமுறைக்கு மேல் வேண்டும். அதை எந்த மரக்காலையிலும் ஓடர் கொடுத்து எடுக்க ஏலாது.

அதனால்தான் எனக்குக் கோபம் வருகிறது. ஊரில் பழைய நாற்சார் வீடு ஒன்று விழுகிறதென்றால் முதலில் வருவது ஜேசிபி. ஒருநாளில் எல்லாம் குவியல். நூறு வருஷம் காய்ந்த முதிரையும் வேம்பும் விறகு விலைக்குப் போகிறது. நல்ல நிலையும் கதவும் இருந்தால் பழைய சாமான் வாங்குகிறவர் லொறியில் ஏற்றிக்கொண்டு போவார். அடுத்த மாதம் அதே வளவில் பச்சை மரத்தில் புதுக் கதவு. இனிக் காய வைக்கத் தேவையே இல்லாத மரத்தை விற்றுவிட்டு, காயாத மரத்தைப் பத்து மடங்கு விலைக்கு வாங்குகிறோம். ஜேசிபிக்குச் சொல்ல முன்னம் ஒரு ஆசாரியாரைக் கூட்டி வந்து காட்டுங்கள், இரண்டு நாள் சம்பளம்தான் போகும். அவர் எதைக் கழற்றலாம், எது இத்துப்போனது என்று பார்த்த உடனே சொல்லுவார்.

அராலியிலிருந்து வந்த சிலாகைகளும் தூண்களும் இப்போது எங்கள் கொட்டிலில். பக்கத்தில் போன கார்த்திகைக்கு முன்னம் அரிந்த நாலு வேப்பம்பலகை, இடையில் கட்டை வைத்து அடுக்கி, நுனியில் சோக்கால் திகதி எழுதி வைத்திருக்கிறேன். ஓரங்குலத் தடிப்புக்கு ஒரு வருஷம் என்பது வெள்ளைக்காரர் கணக்கு. எங்கள் வெயிலுக்கு அவ்வளவு வேண்டாம், ஆனாலும் நான் ஒரு வருஷம் விடப்போகிறேன். அது குளியலறைக் கதவுக்கான பலகை. மனைவி இப்போதைக்குத் திரைச்சீலை தொங்கவிட்டிருக்கிறா. வருகிற விருந்தாளிகளுக்கு ஏன் என்று விளக்கம் சொல்லுகிற வேலை மட்டும் என்னுடையதாம்.