வீக்கம் இல்லாவிட்டாலும் விஷக்கடிதான்: உண்மை விளக்கம்

“பாம்பு கடித்தபின் கடிவாய் வீங்கவில்லை, வலியும் இல்லை என்றால் விஷம் ஏறவில்லை” என்று பென்னாகரம், பாலக்கோடு பக்கம் பரவும் தகவல் தவறு. கட்டுவிரியன் கடியில் பெரும்பாலும் வீக்கமே இருக்காது. பல்தடம்கூடத் தெரியாமல் போகும். தரையில் படுத்தவர் விடியற்காலையில் வயிற்றுவலி என்று எழுந்தாலே சந்தேகப்பட வேண்டும்.

செவிலியர் முதலில் கவனிப்பது கண்ணை. விஷம் ஏறியிருந்தால், மேலே பார்த்தபடியே இருக்கச் சொன்னால் இமை மெல்லச் சரியும். அடுத்து, ஒரே மூச்சில் எண்ணச் சொல்வார். முதலில் 25 வரை எண்ணியவர் அரை மணி கழித்து 12-லேயே நின்றால் சுவாசத் தசை தளர்கிறது. ரத்தத்தின் ஆக்ஸிஜனை அளக்கும் விரல் கருவி 98 சதவீதம் காட்டினாலும் நம்பக் கூடாது. ரத்தம் 20 நிமிடத்தில் உறைகிறதா என்று பார்க்கும் சோதனை சரியாக இருப்பதும் ஆறுதல் இல்லை: இந்த நஞ்சு தாக்குவது நரம்பை, ரத்தத்தை அல்ல. 24 மணி நேரமாவது மருத்துவமனையில் இருக்க வேண்டும். உடனே 108-ஐ அழையுங்கள்.