துப்பாக்கி வாங்காதவன் துரோகி இல்லை
இணைய விளையாட்டுகளில் கூட ஆடுபவர்களிடம் "அதிகப் புகார் வாங்குகிறவர்தான் வேண்டுமென்றே தோற்பவர்" என்று இந்தக் கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. வேலோரண்ட் என்ற துப்பாக்கிச் சண்டை ஆட்டத்தில், ஒவ்வொரு சுற்றுக்கும் ஆயுதம் வாங்கும் காசுக்குப் பெயர் கிரெடிட்; முதல் சுற்றுத் தோல்விக்குக் கிடைப்பது 1,900 கிரெடிட். வாண்டல் துப்பாக்கி மட்டுமே 2,900, முழுக் கவசம் இன்னொரு 1,000. காசில்லாதபோது ஒரு சுற்றைக் கைத்துப்பாக்கியோடு ஓட்டிவிட்டு அடுத்ததற்குச் சேர்த்து வைப்பதுதான் முறை. இங்கே பெங்களூரு அல்சூரில் என் தம்பி அதைத்தான் செய்தான். கூட ஆடியவர்களும் தமிழ்ப் பசங்கதான். "டேய், வேணும்னே தோக்குறியாடா, எவன்கிட்ட காசு வாங்கினே?" என்று ஸ்பீக்கரில் அவர்கள் கத்தியது அடுப்படி வரைக்கும் கேட்டது. மைக்கை அணைத்துவிட்டு, மவுஸ் மேல் வைத்த கையை எடுக்காமலே அழுதான். பதினைந்து வயசுப் பிள்ளை. மேலே பின்னூட்டத்தில் ஒருவர் 'நெட் போச்சு என்பதெல்லாம் நடிப்பு' என்று எழுதியிருக்கிறார். நாலு தூறல் விழுந்தாலே கரண்ட் போகிற தெருவில் அவர் ஒரு நாள் உட்கார்ந்து ஆடிப் பார்க்கட்டும். புகார்களை எண்ணுவதால் எதுவும் தெரியாது, ஆட்டத்தைப் பார்க்க வேண்டும். டோட்டா 2 என்ற இன்னொரு இணைய ஆட்டத்தில் 2021 முதல் புகார் வந்த ஆட்டத்தின் பதிவை மற்ற ஆட்டக்காரர்களே ஓட்டிப் பார்த்துத் தீர்ப்பு சொல்கிறார்கள்; 'ஆதாரம் போதவில்லை' என்று சொல்லவும் அதில் இடம் இருக்கிறது.