எட்டு அவுன்ஸ் என்றால் ஒரு கப்பாம்!

"8 அவுன்ஸ் = 1 கப்." இந்த வரியை எங்கே பார்த்தாலும் இப்போது எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

போன வாரம் மகளுக்குப் பிறந்தநாள். லண்டனில் இருக்கும் சித்தி மகள், தான் வழக்கமாகச் செய்யும் விக்டோரியா ஸ்பாஞ்ச் கேக்கின் குறிப்பை அனுப்பியிருந்தாள். வெண்ணெய் 8 அவுன்ஸ், சர்க்கரை 8 அவுன்ஸ், மாவு 8 அவுன்ஸ், முட்டை 4. மூன்றும் சம எடை, அவ்வளவுதான். என்னிடம் தராசு இல்லை, கப் செட்தான் இருந்தது. அவுன்ஸைக் கப்பாக மாற்ற இணையத்தில் தேடினேன். முதலில் வந்த அட்டவணையில் இந்த வரிதான் இருந்தது. அதை நம்பி மூன்றிலும் தலைதட்டி ஒவ்வொரு கப் எடுத்தேன்.

ஓவனிலிருந்து எடுத்தால் கேக்கின் நடுவே பெரிய குழி. ஓரமெல்லாம் வெண்ணெய் கசிந்து, அடியில் போட்ட தாள் முழுக்கப் பிசுக்கு. கத்தியை விட்டால் களி மாதிரி ஒட்டிக்கொண்டு வருகிறது. வாசலில் பிள்ளைகள் வந்து நிற்கிறார்கள். மகள் எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனாள். அதுதான் இன்னும் ஆறவில்லை.

விஷயம் என்னவென்றால், அவுன்ஸ் என்ற ஒரே பெயரில் இரண்டு அளவுகள் இருக்கின்றன. ஒன்று எடை: 28.35 கிராம். இன்னொன்று திரவ அவுன்ஸ், அது கொள்ளளவு. அதிலும் அமெரிக்காவில் 29.57 மி.லி., பிரிட்டனில் 28.41 மி.லி. கப்புக்கு எட்டு என்பது திரவ அவுன்ஸின் கணக்கு. தண்ணீருக்கும் பாலுக்கும் அது எடையோடும் ஏறத்தாழ ஒத்துப்போகும். மாவுக்கு எப்படி ஒத்துப்போகும்? ஒரு கப் மைதா சுமார் 125 கிராம்தான். குறிப்பு கேட்டதோ 227 கிராம். நூறு கிராம் மாவு குறைவு! வெண்ணெய் மட்டும் ஒரு கப்புக்கு 227 கிராம் சரியாக விழுந்துவிட்டது. அத்தனை வெண்ணெயைத் தாங்க மாவு எங்கே இருக்கிறது? அதே கப்பில் தேனை ஊற்றினால் 340 கிராம் வரும். அப்படியிருக்க, எந்தப் பொருளுக்கு என்று சொல்லாமல் ஒரே வரியில் மாற்று அளவு போடுவது அநியாயம் இல்லையா?

மறுநாளே தராசு வாங்கினேன். ஒரே கப், ஒரே மைதா. கரண்டியால் மெல்லப் போட்டுத் தலைதட்டியபோது 122 கிராம். கப்பை நேராக மாவு டப்பாவில் விட்டு அள்ளியபோது 146. இதை வைத்துக்கொண்டு எந்த அட்டவணையை நம்புவது?

சரி, கப்பாவது ஒன்றா? அமெரிக்கக் கப் 237 மி.லி., அந்த நாட்டு ஊட்டச்சத்து லேபிளில் 240. ஆஸ்திரேலியாவில் 250, ஜப்பானில் 200. ரைஸ் குக்கரோடு வரும் கப் 180 மி.லி. என் அலமாரியிலேயே 240-இல் ஒரு செட்டும் 250-இல் ஒரு செட்டும் கிடக்கின்றன. குறிப்பு எழுதுகிறவர் எதை வைத்து அளந்தார் என்று அவர் சொன்னால்தானே தெரியும்?

"நம்ம ஊரிலும் ஆழாக்கு, உழக்கு, படி என்றுதானே அளந்தார்கள்" என்றார் வீட்டுக்காரர். அளந்தார்கள்தான். ஆனால் இட்லிக்கு அரிசி நாலு, உளுந்து ஒன்று என்றால் இரண்டுக்கும் ஒரே டம்ளர். டம்ளர் பெரிதோ சிறிதோ, விகிதம் மாறாது. பாட்டியிடம் யாரும் ஆழாக்கைப் பலம் என்ற பழைய எடைக் கணக்குக்கு மாற்றச் சொல்லவில்லை. இங்கே எடையில் எழுதிய குறிப்பைக் கொள்ளளவுக்கு மாற்றச் சொல்லி, அதையும் தப்பாகச் சொல்லித் தருகிறார்கள்.

குறிப்பு எழுதுகிறவர்களே, கிராமில் எழுதுங்கள். கப்தான் எழுதுவேன் என்றால் எத்தனை மி.லி. கப் என்றாவது பக்கத்தில் போடுங்கள். அவுன்ஸ் என்றால் எடையா, திரவமா என்று ஒரு வார்த்தை சேருங்கள். மாற்று அட்டவணை போடுகிறவர்கள் மைதாவுக்கு ஒன்று, சர்க்கரைக்கு ஒன்று, வெண்ணெய்க்கு ஒன்று என்று தனித்தனியாகப் போடுங்கள். முடியாவிட்டால் அந்த ஒற்றை வரியை எடுத்துவிடுங்கள்.

நேற்று ராத்திரி மறுபடி தேடிப் பார்த்தேன். அந்த அட்டவணை இன்னும் முதலிடத்தில்தான் இருக்கிறது.